பூங்காவுக்கு மனு எழுதுகிறோம்: சுவர், கேமரா, பூட்டு தவிர வேறென்ன கேட்கலாம்?

கேள்வி / பிப்ரவரி 3

எங்கள் பகுதிப் பூங்காவுக்காக 60 குடும்பங்கள் சேர்ந்து மனு கொடுக்கப் போகிறோம். சுற்றுச்சுவரை எட்டடிக்கு உயர்த்த வேண்டும், நான்கு மூலையிலும் கேமரா வேண்டும், மாலை ஏழு மணிக்குப் பூட்ட வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் பூங்கா தன்னால் பாதுகாப்பாகிவிடும் என்பது எங்கள் கட்சி. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

பதில் / பிப்ரவரி 3, இரவு 9.40

விட்டுப்போனது இருக்கட்டும், வேண்டாதது ஒன்று இருக்கிறது. சுவரை மனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்கள் பூங்காவுக்கு ஏழடிச் சுவர் உண்டு. அது வருவதற்கு முன் தெருவில் போகிறவர்கள் நடந்தபடியே உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போவார்கள். இப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் மூலையில் என்ன நடக்கிறது என்பது அங்கேயே போய்ப் பார்த்தால்தான் தெரியும். போய்ப் பார்க்கத்தான் யாருக்கும் துணிச்சல் இல்லை.

சுவர் வெளியாளைத் தடுக்கும் என்கிறீர்கள். ஏறிக் குதிக்கிறவனுக்கு ஏழடியும் ஒன்றுதான், எட்டடியும் ஒன்றுதான். குதித்த பிறகு அவனை யாரும் பார்க்க முடியாது என்பதுதான் நாம் அவனுக்குச் செய்து கொடுக்கும் வசதி.

பிப்ரவரி 4, காலை 6.15

நேற்றுக் கோபத்தில் எழுதிவிட்டேன். நடந்துவிட்டு வந்து நிதானமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் புதர் மண்டிக் கிடந்த 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. 2018இல் முடிவு வந்தது. சில மனைகளில் குப்பையை அள்ளி, புல் போட்டு, நாலு மரம் நட்டு, இடுப்பளவு மரவேலி அடித்தார்கள். சிலவற்றைத் தொடவே இல்லை. ஏழ்மையான பகுதிகளில், சரிசெய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. வேலி எப்படிப்பட்டது என்று பாருங்கள். தாண்ட வேண்டும் என்றால் யாரும் தாண்டலாம், உள்ளே வந்து உட்காரவும் வழி விட்டிருந்தார்கள். இந்த இடத்தை ஒருவர் கவனித்துக்கொள்கிறார் என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை.

பிப்ரவரி 4, இரவு

"சுவர் இல்லாவிட்டால் குழந்தை சாலைக்கு ஓடிவிடாதா?" என்று இங்கே ஒரு தாய் கேட்டிருக்கிறார். ஓடும். என் மகளே மூன்று வயதில் ஓடியிருக்கிறாள். அப்போது பந்து முன்னால், அவள் பின்னால், நான் அவளுக்குப் பின்னால்.

அதனால் காலையில் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். சாலைப் பக்கம் தடுப்பு வேண்டும், ஆனால் பார்வையை மறைக்காத தடுப்பு. கம்பி வேலி, செங்குத்துக் கம்பிகள். குறுக்குக் கம்பி வைத்தால் குழந்தைக்கு அது ஏணி. இரண்டு கம்பிக்கு நடுவே 9 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருக்கட்டும். இந்த 9 எங்கிருந்து வந்தது என்று பிறகு எழுதுகிறேன், அது ஒரு தனிக் கதை.

பிப்ரவரி 6

அந்தத் தனிக் கதை.

விளையாட்டுச் சாதனங்களுக்கான விதிகளில் ஓர் அளவு திரும்பத் திரும்ப வரும்: ஏறக்குறைய 9 சென்டிமீட்டரிலிருந்து 23 சென்டிமீட்டர் வரை. எந்த இடைவெளியும் இந்த இரண்டுக்கும் நடுவே விழக் கூடாது. 9க்குக் கீழே என்றால் சின்னக் குழந்தையின் உடம்பு நுழையாது. 23க்கு மேலே என்றால் தலையும் வெளியே வந்துவிடும். நடுவில் இருந்தால் கால் நுழையும், இடுப்பு நுழையும், தலை மாட்டிக்கொள்ளும், உடம்பு தொங்கும். இதைப் படித்த அன்று மாலையே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் சறுக்குமர மேடையின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே 14 சென்டிமீட்டர். ஆறு வருடமாக அந்த மேடையில்தான் என் மகள் ஏறி நின்று கையசைத்தாள். நானும் கீழே இருந்து கையசைத்தேன்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

அளவு நாடாவோடு பூங்காவில் நிற்காதீர்கள். நீங்கள் அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று எல்லோரும் முடிவு செய்துவிடுவார்கள். முதலில் ஒரு பெரியவர் வந்தார். "அம்மா, அந்த பெஞ்சுல கை வைக்கிற கட்டை இல்ல. உக்காந்துடுறேன், எந்திரிக்கத்தான் ரெண்டு ஆள் வேணும்" என்றார். இல்லை ஐயா, நானும் உங்களைப் போல் நடக்க வருகிறவள்தான் என்றேன். "பரவாயில்ல, எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டேன். அப்புறம் கழிப்பறைத் தாழ்ப்பாள், குடிநீர்க் குழாய், நடைபாதையில் வேர் தூக்கிய கல் என்று வரிசையாக வந்தன. அரை மணி நேரத்தில் இரண்டு பக்கம். மூன்று மாதம் சங்கக் கூட்டம் போட்டும் எங்களுக்கு இவ்வளவு தெரிந்ததில்லை.

அந்தப் பெரியவர் சொன்ன பெஞ்சு விஷயம் எனக்குத் தோன்றியதே இல்லை. முதுகுச் சாய்மானம் வேண்டும், கைப்பிடி வேண்டும், எழும்போது பாதத்தைப் பின்னால் இழுத்து ஊன்றிக்கொள்ளப் பலகைக்கு அடியில் இடம் வேண்டும். நம் பெஞ்சுகளில் பாதி அடிவரை மூடிய சிமெண்டுத் திண்டு. அதிலிருந்து எழுந்து பாருங்கள்.

பிப்ரவரி 9

தரையைப் பற்றி யாருமே கேட்கவில்லை. விளையாட்டுத் திடலில் படும் காயங்களில் பெரும்பங்கு விழுவதால் வருவது. விழுவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. விழாமல் ஏறக் கற்ற குழந்தை உண்டா? எதன் மேல் விழுகிறது என்பதைத்தான் நாம் மாற்ற முடியும்.

சிமெண்டு கூடாது என்பது தெரியும். புல்லும் கெட்டித்த மண்ணும்கூடப் போதாது என்பது எனக்குப் புதிது. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 1981இலிருந்து வெளியிட்டுவரும் திடல் கையேடு, புல்லைத் தாங்குதரையாகவே கணக்கில் எடுப்பதில்லை. மிதிபட்டு மிதிபட்டு அது கல்லாகிவிடுகிறது. ஊஞ்சலுக்கு அடியில் பாருங்கள், குழி விழுந்து பளபளப்பாக இருக்கும். மணல் கொட்டச் சொல்லுங்கள். ஒரு சாண் ஆழம் போதும்.

பிப்ரவரி 9, இரவு 11

ஒரு சாண் போதும் என்று எழுதியது தவறு. கையேட்டின் அட்டவணையை மறுபடி பார்த்தேன். அழுந்திய நிலையில் 23 சென்டிமீட்டர் மணல், 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குத்தான் ஈடுகொடுக்கும். எங்கள் சறுக்குமர மேடை 1.8 மீட்டர். அதற்கு மணல் பத்தாது. அதே 23 சென்டிமீட்டர் மரச்சில்லு என்றால் 3 மீட்டர் வரை தாங்கும். கொட்டும்போது 30 சென்டிமீட்டருக்குக் கொட்ட வேண்டும், கால் பங்காவது அழுந்திவிடும். மரச்சில்லு கிடைக்காத இடத்தில் ரப்பர் தளம், ஆனால் நிழல் இல்லாவிட்டால் அது கொதிக்கும். வெறுங்கால் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள்.

இதில் இன்னொரு சிக்கல். எதைக் கொட்டினாலும் ஊஞ்சலுக்கு அடியிலும் சறுக்கின் முடிவிலும் ஒரே வாரத்தில் விலகிவிடும். மனுவில் "மணல் கொட்டவும்" என்று மட்டும் எழுதினால் ஒரு முறை கொட்டிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "வாரம் ஒரு முறை வாரிச் சமப்படுத்தவும்" என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பிப்ரவரி 10

ஊஞ்சல் பற்றிக் கேட்ட தம்பிக்கு: ஊஞ்சல் மாட்டியிருக்கும் மேல்கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் முன்னாலும் பின்னாலும் வெற்றிடம் வேண்டும். 2.4 மீட்டர் உயரமென்றால் இரண்டு பக்கமும் 4.8. ஒரு சட்டகத்தில் இரண்டு ஊஞ்சலுக்கு மேல் கூடாது, மூன்று இருந்தால் நடு ஊஞ்சலுக்குப் போகிற குழந்தை அடிபடும். சங்கிலியை மாட்டும் எஸ் வடிவக் கொக்கியின் வாய் மூடியிருக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் திறந்திருந்தாலே துணி மாட்டும். எங்கள் ஊஞ்சலில் என் சுண்டுவிரல் நுழைகிறது.

பிப்ரவரி 10, மதியம்

இன்னொன்று, சாதனத்தின் மேல் பழி இல்லாதது. பயந்து அழுகிறது என்று ஒன்றரை வயதுக் குழந்தையை மடியில் வைத்துச் சறுக்காதீர்கள். தனியாகச் சறுக்கும் குழந்தையின் கால் ஓரத்தில் உரசினால் அது நின்றுவிடும். மடியில் இருந்தால் குழந்தையின் கால் நிற்கும், உங்கள் எடை நிற்காது. எலும்பு முறிகிறது. மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த முறிவு இது. நானும் அப்படிச் சறுக்கியிருக்கிறேன், சிரித்துக்கொண்டே.

பிப்ரவரி 15

நாய்கள் பற்றி ஏழு பேர் எழுதிவிட்டீர்கள். தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சண்டை போடுகிறேன்.

பிப்ரவரி 21

விளக்கு. கடந்த ஆண்டு எங்களுக்குப் பெரிய எல்இடி விளக்குகள் போட்டார்கள். கம்பத்தின் அடியில் நின்றால் கண் கூசும். நாலடி தள்ளினால் ஒன்றுமே தெரியாது. முன்பு மங்கலாக இருந்தாலும் எதிரே வருகிறவரின் முகம் தெரியும். இப்போது வெளிச்சத்தில் நிற்கும் என்னை எல்லோரும் பார்க்கலாம், இருட்டில் நிற்கிறவரை நான் பார்க்க முடியாது.

"அதிக வெளிச்சம்" என்று கேட்டதன் பலன் இது. "சீரான வெளிச்சம்" என்று கேட்டிருக்க வேண்டும். உயரம் குறைந்த கம்பங்கள் நெருக்கமாக இருக்கலாம், கண்ணில் நேராக அடிக்காத மூடி வேண்டும். கம்பம் எங்கே, மரம் எங்கே என்று ஒரே வரைபடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பூங்காவில் மூன்று விளக்குகள் இலைக்குள் எரிகின்றன. பறவைகளுக்குத்தான் வெளிச்சம், பாவம், அவற்றுக்கு அது வேண்டாம்.

செடிகளுக்கும் எளிய கணக்கு உண்டு. பாதையோரப் புதர் இரண்டடிக்கு மேல் வளரக் கூடாது, மரக்கிளை ஆறடிக்குக் கீழே தொங்கக் கூடாது. இடையில் இருக்கும் நாலடிதான் பார்வைக்கான ஜன்னல். அதற்குச் செலவு ஒரு கத்தரி.

பிப்ரவரி 22

கேமராவைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று கேள்வி கேட்டவரே திரும்பக் கேட்கிறார். வையுங்கள் சார், நான் எதிரியில்லை. ஆய்வுகளில் கேமராவுக்கு அதிகப் பலன் தெரிந்த இடம் வாகன நிறுத்துமிடங்கள். திறந்த வெளியில் அவ்வளவு இல்லை. நடந்த பிறகு யார் என்று சொல்லும், நடக்கும்போது கையைப் பிடிக்காது.

விளக்கில் ஒரு வேடிக்கை உண்டு. தெருவிளக்கைச் சீராக்கிய சில இடங்களில் பகல்நேரக் குற்றமும் குறைந்திருக்கிறது. பகலில் விளக்கு எரிவதில்லை. யாரோ தங்கள் இடத்தைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அங்கே இருப்பவர்களே அதைத் தங்களுடையதாக நினைக்கிறார்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். ஆமாம், விளக்குக்கு விளக்கம்.

மார்ச் 2

ஒரு வாரம் தலை எண்ணினேன். நோட்டுப் புத்தகம், பென்சில், அவ்வளவுதான். செவ்வாய் மாலை ஆறு மணிக்கு 41 பேர். பந்து விளையாடும் பையன்கள் 17, நடக்கிற பெரியவர்கள் 13, சிறு குழந்தைகளும் கூட வந்தவர்களும் 9. பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகள் 2. அந்த இரண்டில் ஒன்று என் மகள், நான் இழுத்து வந்தது.

பகல் இரண்டு மணிக்கு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவரையும் எண்ணிக்கொண்டேன்.

மார்ச் 3

மகளிடம் கேட்டேன், ஏன் வர மாட்டேன் என்கிறாய் என்று. பயம் என்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது: "அங்க நான் என்னம்மா பண்றது? ஊஞ்சல்ல உக்காந்தா சின்னப் பசங்க வந்து நிக்கிறாங்க. நடுவுல போனா பந்து வருது. நிக்கவே இடம் இல்ல."

ஆஸ்திரியாவின் வியன்னாவில் 1990களில் இதையே கவனித்திருக்கிறார்கள். ஒன்பது வயதுக்குப் பிறகு பெண் பிள்ளைகள் பூங்காவிலிருந்து மெல்ல மறைந்துபோனார்கள், பையன்கள் மறையவில்லை. பிள்ளைகளைத் தடுத்தது யாருமில்லை. ஒரே பெரிய திடல், அதை முதலில் பிடித்தவர்கள் பையன்கள், இவர்கள் போட்டி போடாமல் விலகிக்கொண்டார்கள். 1999இல் மார்கரெட்டன் பகுதியில் இரண்டு பூங்காக்களை மாற்றினார்கள். பெரிய திடலைச் சிறுசிறு இடங்களாகப் பிரித்தார்கள், நடைபாதைகளைக் கூட்டினார்கள், கைப்பந்துக்கும் பூப்பந்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். பெண் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள்.

எங்கள் மனுவில் "பெண்கள் பாதுகாப்பு" என்று ஒரு தலைப்பு இருந்தது. அதன் கீழே சுவர், கேமரா, காவலாளி. எந்தப் பெண் பிள்ளையிடமும் நாங்கள் கேட்டிருக்கவில்லை.

மார்ச் 3, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. ஒன்றை மறைத்துவிட்டேன், சொல்லிவிடுகிறேன்.

ஏழடிச் சுவர் என்று முதல் நாள் எழுதினேனே, அதைக் கேட்டு மனு எழுதியதே நான்தான். மூன்றரை அடியில் இருந்ததை உயர்த்தச் சொல்லி 112 கையெழுத்து வாங்கினேன். வீடு வீடாகப் போனேன். திறந்தபோது புகைப்படத்தில் முன்வரிசையில் நிற்கிறேன். மனு எழுதியதற்கு முந்தின மாதம் ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்திருந்தது, எல்லோரும் பயந்திருந்தோம். பயத்தில் கேட்கும்போது பெரிதாக, கண்ணில் படுகிற மாதிரி ஒன்றைத்தான் கேட்கத் தோன்றுகிறது. கொக்கியின் வாயை மூடுங்கள் என்று யார் ஊர்வலம் போவார்கள்?

சுவர் வந்த பிறகு காலையில் நடக்க வருகிறவர்கள் குறைந்தார்கள். வெயிலைக் காரணம் சொன்னேன். அப்புறம் மழையைச் சொன்னேன்.

மார்ச் 4

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "அப்போதே சொன்னேன்" என்று எழுதியவரே, நீங்களும் கையெழுத்துப் போட்டவர். பட்டியல் என்னிடம் இருக்கிறது.

மார்ச் 19

சரி, வேலைக்கு வருவோம். நியூயார்க்கின் பிரையன்ட் பூங்காவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1970களில் போதைப்பொருள் விற்பனையில் பேர்போன இடம். வில்லியம் வைட் என்ற நகர ஆய்வாளர் உட்கார்ந்து கவனித்து, பிரச்சினை ஆட்களிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்றார். தெருவிலிருந்து உயர்ந்த இடம், சுற்றிலும் வேலிச்செடி, நுழையச் சில வழிகள்தான். 1988இல் மூடி 1992இல் திறந்தார்கள். வேலிச்செடியை எடுத்தார்கள், வழிகளைக் கூட்டினார்கள், தரையோடு பிணைக்காத நாற்காலிகளைப் போட்டார்கள். நாற்காலிகள் திருடு போய்விடும் என்று பலர் பயந்தார்கள். இன்றைக்கு அந்தப் பூங்காவின் அடையாளமே அந்த நாற்காலிகள்தான்.

எங்கள் கூட்டத்தில் நாற்காலி யோசனையைச் சொன்னேன். அரங்கமே சிரித்தது. ஒருவர் முதல் நாளே இரண்டை வீட்டுக்கு எடுத்துப் போவதாக வாக்களித்தார்.

ஆனால் வழி விஷயம் ஒட்டிக்கொண்டது. எங்களுக்கு ஒரே வாசல். உள்ளே பிடிக்காத ஆள் நின்றால் நீங்கள் அவரைத் தாண்டித்தான் வெளியே வர முடியும்.

ஏப்ரல் 7

புது மனு கொடுத்தாயிற்று. ஒன்றரைப் பக்கம். சாதனத்துக்கு எண் போட்டு, பழுதுக்கு அளவு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். இன்றே செய்யக்கூடியது மேலே, பணம் ஒதுக்க வேண்டியது கீழே. மேலே இருந்தவை: கொக்கிகள், மூன்று விளக்கை மறைக்கும் கிளைகள், கழிப்பறைத் தாழ்ப்பாள், தூக்கி நிற்கும் கல். கீழே இருந்தவை: சறுக்குமரத் தரை, இரண்டாவது வாசல், கைப்பிடி பெஞ்சு, திடலின் ஓரத்தில் பூப்பந்துக்கு ஒரு களம், சுவரில் நாலு மீட்டரை இடித்துக் கம்பி.

கழிப்பறையை ஏன் மேலே வைத்தீர்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை உள்ள பூங்காவில் ஒரு பெண் எவ்வளவு நேரம் இருப்பாள் என்று திருப்பிக் கேட்டேன். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

அலுவலர் படித்துவிட்டு, "சுவரை நீங்கதானே கேட்டீங்க?" என்றார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

ஜூன் 12

கிளைகளை வெட்டினார்கள். தாழ்ப்பாள் வந்தது. மற்றவை "பரிசீலனையில்".

ஜூன் 13

கிளை வெட்டியதை மரத்தைக் கொன்றதாக எழுதியவருக்கு: அடிக்கிளைகள் மட்டும்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கும் மரம் பிடிக்கும்.

நவம்பர் 16

நீண்ட நாளாக இங்கே வரவில்லை. சுவரில் நாலு மீட்டர் போயிற்று. செங்குத்துக் கம்பி, இடைவெளி 8.5. அளந்தேன், சந்தேகம் வேண்டாம்.

முதல் மாலை வெளியே ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பழைய புத்தியில் யார் இவர் என்று போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரராம், சுவர் வந்த பிறகு குடிவந்தவர். உள்ளே ஊஞ்சல் இருப்பது தெரியாது என்றார். மறுநாள் பேரனோடு வந்தார்.

மகள் இப்போதும் அடிக்கடி வருவதில்லை. பூப்பந்துக் களத்துக்குக் கோடு போட்டுவிட்டார்கள், வலை வரவில்லை. அவளும் இரண்டு தோழிகளும் சென்ற சனிக்கிழமை ஒரு துப்பட்டாவைக் கட்டி விளையாடினார்கள். அன்று பூங்காவில் பெண் பிள்ளைகள் எண்ணிக்கை 5.

கொக்கி இன்னும் மாறவில்லை. ஏழு மாதம். பட்டியலிலேயே மிகச் சின்ன வேலை அதுதான். நாளை காலை ரசீது எண்ணோடு மறுபடி போகிறேன். அதுவரை அந்த ஊஞ்சலின் இரண்டு சங்கிலியையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அவிழ்க்காதீர்கள்.